ஆக்கப் பொறுத்தவர்

தொலைக்காட்சி நாடகங்களைப் பற்றிப் பேச்செழும் இடங்களிலெல்லாம் ஒரு குற்றச்சாட்டுத் தவறாது கேட்கின்றது. "கதை நகரவில்லை" என்பதே அது. நம்மிடம் பயிலும் மாணவர் சிலர் இந்நோய்க்கு மருந்தொன்றும் கண்டிருக்கின்றனர். கைப்பேசியிலே நாடகத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்ப்பதே அம்மருந்து. ‘நெற்பிளிக்ஸ்’ நிறுவனம் 2020 ஆம் ஆண்டிலே இவ்வசதியைக் கைப்பேசிகளுக்கு அளிக்கத் தொடங்கிற்று. ஒரு மணிநேர நாடகம் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். எஞ்சிய இருபது நிமிடத்தை என்ன செய்கின்றீர்கள் என்று வினவினோம். அடுத்த நாடகத்தைத் தொடங்கிவிடுவோம் என்று விடை வந்தது.

நகைப்புக்கிடமாயினும் இதனுள் நியாயமான வினா ஒன்று மறைந்திருக்கின்றது. மெல்லச் செல்லும் நாடகம் பொறுமையோடிருந்து பார்ப்பவர்க்குக் கைம்மாறு ஏதேனும் செய்கின்றதா? அன்றி, அவருடைய பொழுதை விழுங்கிவிட்டு வெறுங்கையோடு அனுப்புகின்றதா? பகலெல்லாம் உழைத்து, பிள்ளைகளுக்கு உணவளித்து, பாத்திரம் கழுவி முடித்து, இரவு ஒன்பது மணிக்குக் கதிரையில் அமரும் ஒரு தாய்க்குத் தனக்கென எஞ்சுவது ஒரு மணிநேரம். அந்த ஒரு மணிநேரத்தை எவர் கையில் ஒப்படைப்பது என்பது சிறிய விஷயமன்று.

"ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கலாகாதா" என்பர் நம் முன்னோர். பொறுமையை வற்புறுத்தும் இப்பழமொழியிலே சொல்லாமற் சொல்லப்பட்ட நிபந்தனை ஒன்றுண்டு. உலையிலே அரிசி இருத்தல் வேண்டும் என்பதே அது. அரிசியிட்ட உலைக்காகக் காத்திருப்பது பொறுமை. வெறும் நீர் கொதிப்பதைப் பார்த்துக் காத்திருப்பது பேதைமை. மெதுவாகச் செல்லும் நாடகங்களும் இவ்விரு வகையினவே.

வெறும் நீர் கொதிக்கும் வகையை நம் இல்லங்கள் நன்கறியும். மாமி மருமகளைப் பார்த்து ஒரு சொல் சொல்லிவிடுகின்றாள். உடனே இடியோசை எழுகின்றது. கூடத்தில் நிற்கும் எழுவரின் முகங்களும் ஒவ்வொன்றாகக் காட்டப்படுகின்றன. முதலிலிருந்து மீண்டும் ஒருமுறை காட்டப்படுகின்றன. பின்னர் விளம்பரம். மறுநாள் அதே சொல், அதே இடி, அதே எழுவர். இதற்கு எழுத்தாளரை மட்டும் நோவதிற் பயனில்லை. நாள்தோறும் ஒளிபரப்பாகும் தொடருக்குப் பெரும்பாலும் முன்னரே வகுத்த முடிவென ஒன்றில்லை. பார்ப்பவரும் விளம்பரமும் உள்ளவரை கதையை நீட்டியே ஆகவேண்டும் என்பது அவ்வணிகத்தின் கணக்கு. அங்கே காலம் செல்கின்றது. ஆனால் மாந்தர் மாறுவதில்லை.

மற்றைய வகைக்கு நம் நாட்டவர் பலர் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு ‘ஒஷின்’. யப்பானிய என்.எச்.கே. நிறுவனம் 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை, நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடமாக, 297 பகுதிகளில் ஒளிபரப்பிய நாடகம் அது. நம் ரூபவாஹினியும் பின்னர் அதனைக் காட்டிற்று. கூட்டிப் பார்த்தால் எழுபத்துநான்கு மணிநேரத்துக்கு மேலாகின்றது. கடைகள் பலவற்றுக்கு உரிமையுடைய குடும்பத்தின் முதியவள் ஒருத்தி, புதிய கடை திறக்கும் நாளன்று எவரிடமும் சொல்லாது வீட்டை விட்டுப் போய்விடுகின்றாள். ஏன் போனாள் என்பதே தொடக்கத்தில் எழும் வினா. அதற்கு விடை காணவேண்டுமாயின், அவள் ஏழு வயதிலே அரிசிக்கு ஈடாகக் கூலிவேலைக்கு அனுப்பப்பட்ட நாள் முதலாக அவளுடைய வாழ்வு முழுவதையும் நாம் உடன் நடந்து கடத்தல் வேண்டும். இடையில் ஒரு பத்தாண்டைச் சுருக்கினாலும் விடை பொருளற்றதாகிவிடும். அந்நாடகத்தின் மெதுவே அதன் கதையென்க.

இன்னும் கடினமான எடுத்துக்காட்டு ஒன்றையும் நோக்குவோம். அமெரிக்காவின் எச்.பி.ஓ. நிறுவனம் 2002 முதல் 2008 வரை ஐந்து பருவங்களாக வெளியிட்ட ‘த வயர்’ என்னும் நாடகம் அறுபது பகுதிகளைக் கொண்டது. அதனை ஆக்கிய டேவிட் சைமன், பல்ரிமோர் நகரப் பத்திரிகையொன்றிலே குற்றச் செய்தி நிருபராக இருந்தவர். உடனிருந்து எழுதிய எட் பேர்ன்ஸ், அந்நகரப் பொலிஸ் துறையிலே துப்பறிவாளராக இருந்து பின்னர் பாடசாலை ஆசிரியரானவர். போதைப்பொருள் விற்கும் தெரு, துறைமுகம், நகராட்சி அரசியல், பாடசாலை, பத்திரிகை அலுவலகம் எனப் பருவத்துக்கொரு களமாக ஒரு நகரத்தின் உள்ளுறுப்புக்களை அது காட்டிச் செல்கின்றது. ஒளிபரப்பான காலத்தில் அதனைப் பார்த்தோர் சிலரே. அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரும்பரிசாகிய ‘எமி’ ஒருமுறையேனும் அதற்குக் கிட்டவில்லை. பிற்காலத்திலோ பல்கலைக்கழகங்களிலே பாடமாக வைக்கும் அளவுக்கு உயர்ந்தது.

அதிலே ‘பிறெஸ்’ என்று அழைக்கப்படும் இளம் பொலிஸ்காரன் ஒருவன் வருகின்றான். இரண்டாம் பகுதியிலேயே, குற்றமெதுவும் செய்யாத சிறுவன் ஒருவனைத் துவக்கால் அடித்து அவன் ஒரு கண்ணைப் போக்கிவிடுகின்றான். பார்ப்பவர் எவரும் அவனை வெறாதிருத்தல் இயலாது. சில பகுதிகள் கழிகின்றன. குற்றவாளிகளின் இரகசிய எண் குறிகளை அவிழ்ப்பவன் அவனே எனக் காண்கின்றோம். நான்காம் பருவத்திலே, 2006 இல், அவன் பொலிஸ் வேலையை விட்டு, வறிய பிள்ளைகள் பயிலும் பாடசாலையொன்றிலே கணித ஆசிரியனாக நிற்கின்றான். வகுப்பு அவன் சொல்லைக் கேட்கவில்லை. ஒரு பகுதியன்று, பல பகுதிகள் அவன் தோற்றுக்கொண்டே இருக்கின்றான். பின்னர், பிள்ளைகள் தெருவிலே ஆடும் தாயக்கட்டைச் சூதையே கொண்டு நிகழ்தகவைக் கற்பிக்கத் தொடங்குகின்றான். தலைகள் மெல்ல நிமிர்கின்றன. நான்காண்டுக்கு முன் எவனை வெறுத்தோமோ அவன் பொருட்டு இப்போது நாம் அஞ்சுகின்றோம். அவன் செய்த கொடுமையை நாடகம் மறைக்கவுமில்லை, மன்னிக்கும்படி நம்மைக் கேட்கவுமில்லை. இரண்டும் ஒரு மனிதனிடத்திலேயே இருத்தல் கூடும் என்பதை உணர்த்துவதற்கு இரண்டு மணிநேரத் திரைப்படம் போதாது. அங்கே அவன் கொடியவனாகவோ நல்லவனாகவோ விரைந்து முடிவு செய்யப்பட்டிருப்பான்.

அதே நாடகத்தின் மூன்றாம் பகுதியிலே, போதைப்பொருள் விற்கும் இளைஞர் இருவருக்கு ஒருவன் சதுரங்கம் ஆடக் கற்பிக்கும் காட்சியொன்று வருகின்றது. சிப்பாய்க் காய்களே முதலில் வீழ்வன என்று அவன் விளக்குகின்றான். கதைக்கு வேண்டாத காட்சி போலத் தோன்றும். அவசரக்காரர் தாண்டிச் சென்றுவிடுவர். கேட்டிருந்த இருவருள் ஒருவன் ஐம்பதாம் பகுதியிலே அச்சதுரங்கப் பலகையை நினைவுகூர்கின்றான். அவ்விடத்திலே அவன் சொல்லும் சில சொற்களின் பாரத்தை, மூன்றாம் பகுதியை அமர்ந்து பார்த்தவர் மாத்திரமே தாங்கி உணர்வர். பார்க்க விரும்புவோர் பொருட்டு இதற்குமேற் கூறாது விடுகின்றோம்.

சொல்லே இல்லாத மெதுவும் உண்டு. 2015 முதல் 2022 வரை 63 பகுதிகளாக வந்த ‘பெற்றர் கோல் சோல்’ நாடகத்தில், முன்னாட் பொலிஸ்காரராகிய முதியவர் ஒருவர், தம் காரிலே எவரோ வேவுக்கருவி ஒளித்திருக்கின்றனர் என ஐயுறுகின்றார். பழைய வாகனங்கள் குவிந்த முற்றமொன்றிலே காரை உறுப்புறுப்பாகக் கழற்றித் தேடுகின்றார். பேச்சில்லை. நெடுநேரத்தின் பின் எரிபொருட் தாங்கியின் மூடிக்குள் அது அகப்படுகின்றது. "இவர் பொறுமைசாலி, ஆகையால் அபாயமானவர்" என்று வேறொரு பாத்திரம் வந்து சொல்லவேண்டியதில்லை. அவர் கைகளைப் பார்த்தே நாம் அறிந்துகொள்கின்றோம்.

இவ்வகைப் பொறுமை நம்மவர்க்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கந்தபுராண படனம் நாட்கணக்கில் நிகழ்வதுண்டு. ஒருவர் செய்யுளைப் படிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். சூரன் மாள்வான் என்பது கேட்போர் எல்லோருக்கும் தெரியும். முடிவறிந்த கதைக்கு ஏன் அமர்ந்திருந்தனர்? அடுத்து என்ன நடக்கும் என்பதற்காகவன்று, நடப்பது எங்ஙனம் நடக்கின்றது என்பதற்காகவே. விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களும் அவ்வாறானவரே. ஆகவே நம் பிள்ளைகளுக்குப் பொறுமை பிறவியிலேயே இல்லை என்று கூறுதல் தவறு. அதற்குப் பயிற்சி இல்லை என்பதே உண்மை.

இனி, உலையில் அரிசி உண்டா என அறிவது எப்படி? மூன்று சோதனைகளைச் சொல்லலாம். ஒன்று, பகுதி முடியும்போது மாந்தருள் எவரேனும் எள்ளளவாவது மாறியிருக்கின்றாரா எனப் பார்த்தல். இரண்டு, பேச்சற்ற இடத்திலே பார்ப்பதற்கு ஏதேனும் இருக்கின்றதா எனப் பார்த்தல். வெறும் இசையும் முகமுமாயின் அது நீர். மூன்று, முன்னர் நிகழ்ந்ததை நாடகம் நினைவில் வைத்திருக்கின்றதா எனப் பார்த்தல். நேற்று அழுதவள் இன்று காரணமின்றிச் சிரித்தாளாயின், நாடகமே தன்னை மறந்துவிட்டது. நாம் ஏன் நினைவில் வைத்தல் வேண்டும்?

மூன்று நான்கு பகுதிகளுக்குள் இவற்றுள் ஒன்றேனும் தென்படாவிடின் எழுந்து போவதிற் குற்றமில்லை. "மூன்றாம் பருவத்திலிருந்து நன்றாக இருக்கும்" என்று நண்பர் கூறலாம். அவருக்கு நன்றி கூறி விலகலாம். இருபது மணிநேரம் பார்த்துவிட்டோமே என்பதற்காக மேலும் இருபது மணிநேரத்தை இழப்பது, எரித்த விறகை எண்ணி ஊசிப்போன சோற்றை உண்பது போலாம். ஆனால் அரிசி உண்டு என்று கண்டபின் வேகத்தைக் கூட்டாதீர்கள். இரவுக்கு ஒரு பகுதி போதும். பார்த்ததைக் குறித்து மறுநாட் காலை வீட்டிலே நாலு வார்த்தை பேசுங்கள். அப்பேச்சும் நாடகத்தின் ஒரு பங்கே.

ஆசிரியத் தொழிலில் இருப்பவர்க்கு இதிலே வேறொரு கவலையும் உண்டு. முதற் கிழமையிலேயே "இவன் தேறான்" என்று ஒதுக்கப்படும் மாணவன் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கின்றான். அவன் மூன்றாம் தவணையில் என்ன ஆவான் என்பதைக் காணும் பொறுமை நமக்கு இல்லாவிடின் இழப்பு அவனுடையதாகின்றது. வீட்டிலும் அவ்வாறே. திருமணமாகி வந்த பெண்ணையோ, அயலிலே குடிவந்தவரையோ ஐந்து நிமிடத்தில் அளந்து முடித்துவிடுகின்றோம். நல்லதொரு மெதுவான நாடகம் அத்தீர்ப்பை ஒத்திவைக்கப் பழக்குகின்றது. பொறுத்திருந்து பார்த்தவர்க்குக் கிடைக்கும் கைம்மாறு அதுவே. இரவு ஒன்பது மணிக்குக் கொடுத்த ஒரு மணிநேரத்துக்கு அது குறைந்த விலையன்று.