எது முதற் பாட்டு?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடனப் பாட்டுக்களை வாரந்தோறும் வரிசைப்படுத்தும் வழக்கத்தை, 'பில்போர்டு' என்னும் பத்திரிகை 1974-இல் தொடங்கிற்று. நியூயார்க் நடனசாலைகளில் இசைத்தட்டு சுழற்றுவோர், எப்பாட்டுக்கு மக்கள் மிக விரும்பி ஆடினர் எனக் கண்டுரைத்ததே அன்று கணக்கு. 2013 பெப்ரவரியில் பத்திரிகை யூடியூபிற் பார்த்தோர் தொகையையும் சேர்த்துக்கொண்டது. உடனே பாவர் என்பாரின் 'ஹார்லெம் ஷேக்', நடனப் பட்டியலில் மட்டுமன்றிப் பொதுப் பட்டியலிலும் முதலிடம் ஏறிற்று. ஏறக்குறைய அரை நிமிஷம் ஓடும் வேடிக்கைப் படங்களில் ஒலித்த துண்டன்றோ அது! யாமும் சில கண்டு நகைத்தோம். நகைத்தது கூத்தாடியவர்க்கே, பாட்டுக்கன்று. அவ்வாண்டே முதலிடம் பெற்ற டாஃப்ட் பங்கின் 'கெட் லக்கி'யோ பாட்டாகவே கேட்கப்பெற்றது. இவ்விரண்டையும் ஒரே கோலால் அளத்தல் தகுமோ? பார்வையை எண்ணற்க என்கிலேம். ஆடுவார் காலையும் ஒருவர் நோக்கவேண்டும் என்கின்றோம். அங்ஙனம் நோக்கிய நடனசாலைப் பட்டியல், 2020-இல் கொள்ளைநோயால் சாலைகள் அடைபட்டபோது நின்றுபோயிற்று.