எலிக்கு இறங்கின சர்க்கரை

போன மாசம் திருச்செங்கோட்டுல மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா இருபது வருஷம் ரிக் வண்டியோட ஊர் ஊராப் போய் போர் போட்டவர். நேரத்துக்குச் சோறும் கிடையாது, தூக்கமும் கிடையாது. சர்க்கரை வந்து பல வருஷமாச்சு. போனா கால்ல பெரிய கட்டு.

"என்னாச்சுங் மாமா?"

"ஒண்ணுமில்ல மாப்ள, கல்லு குத்திருச்சு."

அத்தைதான் போட்டு உடைச்சாங்க. மனுஷன் ரெண்டு மாசமா மாத்திரையே போடலையாம்! சட்டைப் பையில ஒரு பேப்பர் கட்டிங். ஏதோ ஒரு இலைச்சாறு சர்க்கரையைக் குறைக்குதுன்னு ஆராய்ச்சியில கண்டுபிடிச்சுட்டாங்களாம். சாறு இருக்கும்போது மாத்திரை எதுக்குன்னு விட்டுட்டார். புண்ணு ஆறலைன்னு ஆஸ்பத்திரிக்குப் போனப்ப சர்க்கரை 412.

கட்டிங்கை வாங்கிப் படிச்சேன். கடைசி வரியிலதான் விஷயமே இருக்கு. சோதனை நடந்தது எலிங்க மேல.

எங்க ஊரைச் சுத்தி பார்மசி காலேஜுக்குக் குறைவில்ல. எம்.பார்ம் படிக்கிற சொந்தக்காரப் பொண்ணுகிட்ட விவரம் கேட்டேன். எலிக்குத் தானா சர்க்கரை வர்றதில்லையாம். ஸ்ட்ரெப்டோசோட்டோசின்னு ஒரு மருந்தை ஊசியில ஏத்துவாங்க. அது கணையத்துல இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்லை அழிச்சுடும், சர்க்கரை ஏறிடும். அப்புறம் எலிகளைக் கூட்டம் கூட்டமாப் பிரிப்பாங்க. ஒரு கூட்டத்துக்குச் சாறு, ஒண்ணுக்கு கிளிபென்கிளமைடு மாதிரி தெரிஞ்ச மாத்திரை, ஒண்ணுக்கு எதுவுமே இல்ல. சில வாரம் கழிச்சு சர்க்கரை, கொழுப்பு, எடை, கல்லீரல்னு எல்லாத்தையும் பார்ப்பாங்க.

மாமாவோட வியாதியே வேற. அவருக்கு வந்திருக்கறது ரெண்டாம் வகை. இன்சுலின் சுரந்தாலும் உடம்பு சரியாக் கேக்க மாட்டேங்குது. செல் அழிஞ்ச 200 கிராம் எலியும், புரோட்டா சாப்பிட்டு வளர்ந்த 80 கிலோ மாமாவும் ஒண்ணா?

அப்போ எலிச் சோதனை வீணான்னு கேப்பீங்க. இல்லவே இல்ல. ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் கம்பெனி ராகாகிளிட்டசார்னு ஒரு மருந்து கண்டுபிடிச்சாங்க. பிறவியிலேயே குண்டா இருக்கிற சுக்கர் எலிகள்ல, அதாவது ரெண்டாம் வகைக்குக் கொஞ்சம் கிட்ட வர்ற எலிகள்ல, சர்க்கரை, கொழுப்பு ரெண்டையும் பிரமாதமாக் குறைச்சுது. டென்மார்க்கோட நோவோ நார்டிஸ்க் உரிமம் வாங்கி மனுஷங்ககிட்ட சோதனை பண்ணிட்டிருந்தாங்க. 2002 ஜூலையில எல்லாத்தையும் நிறுத்தினாங்க. ஏன்? நீண்ட நாள் அந்த மருந்தைத் தின்ன எலிகளுக்கு மூத்திரப்பையில கட்டி!

நல்ல சேதியைச் சொன்னதும் எலி, கெட்ட சேதியைச் சொன்னதும் எலி. எத்தனை கோடி கனவு! ஆனாலும் நிறுத்தினாங்க பாருங்க, அதுதான் சரி.

எலி எல்லாத்தையும் சொல்லிடாதுங்கறதும் நிஜம். டிராக்ளிட்டசோன் மாத்திரை எலிச் சோதனையெல்லாம் தாண்டி அமெரிக்காவுல 1997-ல கடைக்கு வந்துச்சு. மனுஷங்களோட கல்லீரலைக் கெடுத்ததுன்னு 2000-ல வாபஸ்.

என் கருத்து இதுதான். எலி "ஆபத்து"ன்னு சொன்னா நின்னு கேக்கணும். எலி "நல்லாருக்கு"ன்னு சொன்னா, அடுத்த படிக்குப் போகலாம்னுதான் அர்த்தம். அளவு எவ்வளவு, சிறுநீரகம் தாங்குமா, மத்த மாத்திரையோட சேருமான்னு இன்னும் எத்தனையோ படி இருக்கு. அந்த எம்.பார்ம் பசங்க பண்றது முதல் படி. அதுல தப்பே இல்ல. முதல் படியை மொட்டை மாடின்னு போடற தலைப்புலதான் தப்பு. "எலிகளுக்கு"ன்னு ஒரே ஒரு வார்த்தையைத் தலைப்புல சேர்த்தா மை தீர்ந்தா போயிடும்?

இலையை நான் திட்டலை. அதுலயும் மருந்து இருக்கலாம். ஆனா அது நிரூபணம் ஆகற வரைக்கும் மாத்திரையை நிறுத்தறதுக்கு அந்த எலி ஜவாப்தாரி இல்ல.

மாமா இப்போ மறுபடி மாத்திரை போடறார். விரல் தப்பிச்சுடும்னு டாக்டர் சொல்லிருக்கார். கட்டிங்கை எடுத்துட்டு வந்தப்ப மாமா கேட்டது: "ஏன் மாப்ள, அந்த எலிங்க இப்ப நல்லாருக்குதுங்களா?"

சோதனை முடிஞ்சதும் அதுங்களைக் கொன்னு உறுப்பை எடுத்துப் பார்ப்பாங்கன்னு சொல்ல மனசு வரலை. "நீங்க நல்லாருங்க மாமா"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன்.