மருமகள் ஒருத்தியின் தலையிலா இந்த வியாதி?

அறுபது வயதைக் கடந்த இந்தியர்களில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், புத்தியையும் ஞாபகசக்தியையும் படிப்படியாக அழிக்கும் மறதி நோயுடன் வாழ்கிறார்கள் என்றும், அந்த விகிதம் நகரத்தைவிடக் கிராமத்திலும் ஆண்களைவிடப் பெண்களிடத்திலும் அதிகம் என்றும், நாடு தழுவிய முதியோர் ஆய்வொன்று 2023இல் கணக்கு வெளியிட்டது. இது வசதி படைத்த நகரவாசிகளின் வியாதி என்றே இன்னும் எண்ணிக்கொண்டிருக்கும் நம் அதிகாரிகளின் கண்ணில் அந்தக் கணக்கு பட்டதாகத் தெரியவில்லை. திருவாண்டார்கோயிலும் திருபுவனையும் மதகடிப்பட்டும் அடங்கிய, புதுச்சேரியின் மண்ணாடிப்பட்டுக் கொம்யூனில், ‘வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்கிற ஒரே வாக்கியத்தோடு நோயின் பரிசோதனையும் சிகிச்சையும் முடிந்துவிடுகின்றன. அதற்குப்பின் மிஞ்சும் பாரம் முழுவதும் அந்த வீட்டுப் பெண் ஒருத்தியின் தலையில், பெரும்பாலும் மருமகளின் தலையில், இறங்குகிறது. அந்தப் பாரத்தில் ஒரு பகுதியைச் சர்க்கார் சுமந்தாக வேண்டும் என்பதும், அதற்குக் கொம்யூனுக்கு ஒரு பகல்நேரப் பராமரிப்பு இல்லமாவது திறந்தாக வேண்டும் என்பதுமே நம் கட்சி.

மறதி நோய்களில் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் என்னும் வகை. 1901இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மருத்துவமனைக்கு அழைத்துவரப்பட்ட அகஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்மணியை அலோயிஸ் அல்சைமர் என்ற வைத்தியர் பரிசோதித்தார். 1906இல் அப்பெண்மணி இறந்தபின் அவருடைய மூளையைச் சோதித்து, அதில் படிந்திருந்த கசடுகளையும் நரம்பணுக்களுக்குள் முறுக்கிக்கொண்டிருந்த இழைகளையும் கண்டு, அதே ஆண்டு நவம்பரில் டியூபிங்கன் நகரில் அறிஞர் சபைமுன் விவரித்தார். அந்த அம்மையாரிடம் முதன்முதலில் தலைகாட்டியவற்றுள் ஒன்று கணவர்மீது அவர் கொண்ட அர்த்தமற்ற சந்தேகம் என்பதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். மறதி மட்டுமே இந்நோயின் முகம் அன்று. புதிய செய்திகளைப் பதிய வைக்கும் மூளைப்பகுதியே பெரும்பாலும் முதலில் கெடுகிறபடியால், பக்கத்துக் கீழூரில் 1954 அக்டோபரில் பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதிகள் 178 பேர் கூடி இந்தியாவுடன் சேர்வதைப் பற்றி வாக்களித்த நாளின் பரபரப்பைச் சிறு பிராயத்தில் கண்ட ஒருவர், அதை நேற்று நடந்ததுபோல் வர்ணிக்கவும், இன்று காலையில் உண்டதைச் சொல்லத் தெரியாமல் விழிக்கவும் கூடும். கேட்பவர்கள் முதலாவதைக் கண்டு, ‘பெரியவருக்கு ஞாபகத்துக்கு என்ன குறை’ என்று வியந்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நோயாளியின் பேச்சைக் கேட்டுத் தெருவே மருமகள்மேல் தீர்ப்பெழுதுவது நம் கிராமங்களில் அபூர்வமன்று. காலையில் இட்டிலி தின்று கைகழுவிய மாமியார், அரைமணி கழித்துத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம் ‘நேத்திலேர்ந்து எனக்குச் சோறே போடல’ என்று கண்கலங்கச் சொல்வார். சுருக்குப்பையைத் தாமே அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துவிட்டு, அதைத் திருடியவள் இவள்தான் என்று கூவுவார். பொழுது சாய்ந்தால், ஐம்பது ஆண்டுகளாக வாழ்ந்த வீட்டையே அந்நியமாகக் கண்டு, ‘எங்க வீட்டுக்குப் போகணும்’ என்று படியிறங்கி நடக்கத் தொடங்குவார். அவர் பொய் சொல்லவில்லை. உண்டது அவர் மூளையில் பதியவே இல்லை. ஆனால் வேலையிலிருந்து திரும்பும் மகனோ, ‘எங்கம்மா அப்படிப் பொய் சொல்ற ஆளு இல்ல’ என்று மனைவியைத்தான் முறைக்கிறான். கதவைப் பூட்டினால் கிழவியை அடைத்துவைத்த பாவி என்ற பெயர். பூட்டாவிட்டால் லாரிகளும் பஸ்களும் விரையும் விழுப்புரம் நெடுஞ்சாலை எட்டும் தூரத்தில் இருக்கிறது. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் ஷிப்ட்டுக்குப் போய்ச் சம்பாதித்த பெண் முதலில் அந்த வேலையை விடுகிறாள். பிறகு இராத் தூக்கத்தை விடுகிறாள். கல்யாணம் கார்த்திகைக்குப் போவதையும் நிறுத்துகிறாள். இத்தனைக்கும் மேல், அவள் செய்கிற உபசாரத்தை நன்றியோடு அறிந்துகொள்ளும் சக்தி, அதைப் பெறுகிறவருக்கு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகிறது.

தடுமாறுகிற முதியவர்கள் அத்தனை பேருக்கும் இந்நோய்தான் என்று முடிவு கட்டுவதும் பிசகு. பி12 சத்துக் குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்ததால் தலைக்குள் கசிந்த இரத்தம் ஆகியவையும் இதே வேஷத்தில் வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகையால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதற் பரிசோதனை நடக்க வேண்டும். ஆனால் தேதி கேட்பதும், எழுத்துக்கூட்டச் சொல்வதுமான மேல்நாட்டுக் கேள்வித்தாள், பள்ளிக்கூட வாசலை மிதியாத மூதாட்டியிடம் செல்லாது. அமாவாசை என்றைக்கு என்பதை விரல்மடித்துச் சொல்கிறவரை அது மந்தபுத்தி ஆக்கிவிடும். ஹரியானாவின் பல்லப்கட் கிராமங்களில் எழுத்தறியா முதியோருக்கென்றே இந்தியில் ஒரு சோதனைமுறையை 1995லேயே ஆய்வாளர்கள் வகுத்திருக்கிறார்கள். நம் வேலூருக்கடுத்த கிராமங்களிலும் சென்னையிலும் அத்தகைய ஆய்வு நடந்திருக்கிறது. அந்த அனுபவத்தைக் கிராமச் செவிலியர்களுக்குக் கற்பிக்க ஒரு வாரப் பயிற்சி போதாதா?

தடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்விக் குறைவு, செவிப்புலன் மங்கல், கண்பார்வைக் குறைவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, மிதமிஞ்சிய குடி, தலைக்காயம், தனிமை முதலிய 14 காரணங்களை நீக்க முடிந்தால், உலகில் ஏற்படும் மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று லான்செட் ஆணையம் 2024இல் மதிப்பிட்டது. இது மக்கள் தொகுதி முழுமைக்குமான கணக்கு. இன்னார் ஒழுங்காக இருந்திருந்தால் இது வந்திராது என்று நோயாளியைக் குற்றம் சாட்டும் உரிமையை யாருக்கும் தருவதன்று. கண்ணுக்குத் தவளக்குப்பத்தில் அரவிந்த் மருத்துவமனை இருக்கிறது. காதுக்கும் அதே சிரத்தையைக் காட்டினால் பெரும் உபகாரம். சாராயக் கடைகளை ஏலம் விட்டுக் கஜானாவை நிரப்பும் நம் சர்க்கார், இந்தப் பட்டியலில் குடிக்கு நேராகத் தன் பெயரையும் எழுதிக்கொள்வது நியாயம். மேல்நாடுகளில் அண்மையில் அனுமதி பெற்ற மருந்துகளோ, நோயின் ஆரம்ப நிலைக்கு மட்டும், ஊசி வழியாக, அடிக்கடி மூளைப் படமெடுத்துக் கண்காணித்துச் செலுத்துபவை. அவற்றால் விளைவதும் நோயின் வேகம் சிறிது தணிவதே. கொம்யூன்வாசிகள் அவற்றுக்காகக் காத்திருப்பதற்கில்லை.

பெற்றோரைக் கைவிடும் பிள்ளைக்கு 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம் என்கிறது 2007ஆம் ஆண்டுச் சட்டம். கைவிடாமல் காக்கிறவளுக்கு அச்சட்டம் என்ன தருகிறது? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பார்க்கின்சன் நோயின் பெயர் இருக்கிறது, அல்சைமரின் பெயர் இல்லை. எழுபது வயதைக் கடந்தோருக்கு 2024 அக்டோபர் முதல் விரிவாக்கப்பட்ட 5 லட்ச ரூபாய்க் காப்பீடோ, மருத்துவமனையில் படுத்தால்தான் பயன்படும். இந்நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் படுத்தும் நடந்தும் கிடப்பது தங்கள் வீட்டில்.

நம்மைப் போலவே அந்நியர் ஆட்சியிலிருந்து பிற்காலத்தில் இந்தியாவுடன் சேர்ந்த சிறு பிரதேசமான கோவாவில், 81 குடும்பங்களை வைத்து ஒரு பரீட்சை நடத்தி 2008இல் முடிவை வெளியிட்டார்கள். உள்ளூரிலேயே பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று, நோய் இன்னதென்று விளக்கி, தூக்கத்துக்கும் ஆத்திரத்துக்கும் வழி சொல்லி, வேண்டும்போது வைத்தியரிடம் சேர்த்துவிட்டார்கள். அதனால் பராமரிப்போரின் மனவேதனை கணிசமாகக் குறைந்தது. அண்டை மாநிலமான கேரளமும் ஸ்மிருதிபதம் என்ற திட்டத்தின்கீழ்ப் பகல்நேர இல்லங்களைத் தொடங்கிற்று. ‘இல்லத்தில் விட்டால் ஊர் சிரிக்கும்’ என்பார்கள். பிள்ளையை அங்கன்வாடியில் விட்டு வயலுக்குப் போகும் தாயைப் பிள்ளையைக் கைவிட்டவள் என்று எந்த ஊரும் சிரித்ததில்லை. மாலையில் வீடு திரும்பும் முதியவருக்கும் அதுவே பொருந்தும்.

கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தபின் பல்லாண்டுகளாகத் தேர்தலே நடவாதபடியால், இந்தக் கோரிக்கையைக் கேட்டுப்பெற உள்ளூரில் ஒரு பிரதிநிதியும் இல்லாத விசித்திர நிலையில், தலைமைச் செயலகமே நேரடிப் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. சும்மா பூட்டிக்கிடக்கும் ஒரு சமுதாய நலக்கூடம், பயிற்சி பெற்ற நான்கு பெண்கள், காலையில் அழைத்துவந்து மாலையில் கொண்டுவிட ஒரு வண்டி, ஜிப்மரிலிருந்தோ கலித்தீர்த்தாள்குப்பம் மருத்துவக் கல்லூரியிலிருந்தோ வாரம் ஒருமுறை வரும் வைத்தியர்: முதல் இல்லத்துக்கு வேண்டியது இவ்வளவே. அதை மண்ணாடிப்பட்டுக் கொம்யூனில் தொடங்கி, அதன் நேரத்தை அலுவலக மணிக்கு ஏற்ப வைக்காமல் தொழிற்சாலை ஷிப்ட்டுக்கு ஏற்ப வைத்தால், வேலையை விட்ட பெண்களில் சிலராவது அடுத்த மாதமே மீண்டும் வேலைக்குப் போக முடியும்.