மின்கலத்தை ஒராள் தனியக் கண்டுபிடிக்கேல்ல

"மின்கலத்தைக் கண்டுபிடித்தவர் யார்?" "வோல்ற்றா." ஒரு புள்ளி. ஓ.எல். விஞ்ஞானத்தில நாங்கள் படிச்சது அவ்வளவுதான். இப்ப கலைப்பீடத்தில இருந்துகொண்டு கேட்கிறோம்: அந்த ஒரு புள்ளிக்குள்ள எத்தனை பேரைப் புதைச்சு வச்சிருக்கிறியள்?

1791இல் பொலோனாவில் கல்வானி ஒரு நூல் வெளியிட்டார். அறுத்த தவளைக் காலில் இரண்டு உலோகங்கள் பட்டால் அது துடிக்கிறது. ஆகவே விலங்கின் உடலுக்குள்ளேயே மின் இருக்கிறது என்றார். அந்தப் பரிசோதனைகளில் அவரின் மனைவி லூசியாவும் கூட நின்று உழைத்தவர். அவரின் பெயரை நாங்கள் வகுப்பில் கேட்டதே இல்லை.

பாவியாவிலிருந்த வோல்ற்றா அதே பரிசோதனையைச் செய்துபார்த்து முதலில் ஒப்புக்கொண்டார். பிறகு மறுத்தார்: மின் தவளையில் இல்லை, இரண்டு வேறு உலோகங்கள் தொடுவதில்தான் வருகிறது. கல்வானி பக்கத்தார் 1794இல் உலோகமே இல்லாமல் தசையைத் துடிக்க வைத்துக் காட்டினார்கள். வோல்ற்றா விடவில்லை. வெள்ளித் தட்டு, நாகத் தட்டு, இடையில் உப்புநீரில் நனைத்த அட்டை என்று தவளையே இல்லாமல் அடுக்கினார். சண்டை பெற்ற பிள்ளைதான் மின்கலம்.

1800 மார்ச் 20இல் அதை விவரித்து லண்டன் றோயல் சொசைற்றியின் தலைவர் ஜோசப் பாங்ஸுக்குக் கடிதம் எழுதினார். கடிதம் சபையில் வாசிக்கப்பட்டது யூன் 26இல். அதற்கு முன்பே பாங்ஸ் அதைக் கார்லைலுக்குக் காட்டியிருந்தார். கார்லைலும் நிக்கல்சனும் தாங்களும் ஓர் அடுக்கைச் செய்து, மே மாதத்திலேயே தண்ணீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரித்துவிட்டார்கள். கடிதத்தை லாச்சிக்குள்ள பூட்டி வச்சிருந்தால் இது நடந்திருக்குமா?

இன்னொன்று. இரண்டு பேரும் பாதி சரி, பாதி பிழை. நரம்பில் மின் உண்டு. அதில் கல்வானி சரி. அடுக்கை ஓட்டுவது உலோகங்களின் வெறும் தொடுகை இல்லை, இரசாயனத் தாக்கம். அதில் வோல்ற்றா பிழை. அந்தப் பிழைவிட்ட மனுசனின் பெயரால்தான் இண்டைக்கும் வோல்ற்றளவை அளக்கிறோம்.

மேதை தனிய இருந்து யோசித்தார் எண்ட கதை எங்களை என்ன செய்யுது? நோட்ஸை ஒளிக்கப் பழக்குது. பிழைச்சிடும் எண்ட பயத்தில விரிவுரையில வாயை மூடி வைக்குது.

அடுத்த வினாத்தாளில் இப்படிக் கேளுங்கோ: "கல்வானியும் வோல்ற்றாவும் எதில் முரண்பட்டனர்? அதனால் என்ன விளைந்தது?" அதற்குப் பத்துப் புள்ளி போடுங்கோ.