முகாம் பையன் எந்த நாட்டுக்கு ஆடுவான்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முகாம் பையன்களோடு பந்தாடுவேன். அவர்களில் ஒருவன் என்னைவிட நன்றாக ஆடுவான் (அது பெரிய விஷயமில்லை!). இங்கேயே பிறந்தவன். ஆனால் 1987-க்குப் பின் பிறந்தவன், பெற்றோர் இருவரும் அகதிகள். அதனால் குடியுரிமை இல்லை. 2008 முதல் இந்திய பாஸ்போர்ட் இல்லாதவர் இந்தியாவுக்கு ஆடவும் முடியாது.

அயர்லாந்து 1921-இல் இரண்டாகப் பிரிந்தது. ஆனால் ரக்பி அணி இன்றும் ஒன்றுதான். தெற்கின் தேசிய கீதம் வடக்கு வீரர்களுக்கு உறுத்தியது என்று 1995-இல் அணிக்கென்றே தனிப் பாட்டு எழுதினார்கள். அங்கே ஒரு வீரனுக்காக எல்லையே வளைகிறது. இங்கே?

2018-இல் லண்டனில், ஃபிஃபாவில் இடமில்லாதவர்களுக்கான கோனிஃபா போட்டியில், தமிழீழ அணி ஆடியதைக் கொண்டாடினோம். நானும்தான். ஆனால் லண்டன் போகவும் பாஸ்போர்ட் வேண்டுமே தோழர்களே! முகாம்களில் பலர் மலையகத் தமிழர். தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஒடுக்கப்பட்ட சாதி மக்களின் பேரப்பிள்ளைகள். 1948-இல் இலங்கை அவர்கள் குடியுரிமையைப் பறித்தது. 2019-இல் டெல்லி திருத்திய சட்டத்திலும் இலங்கையின் பெயர் இல்லை. ஈழக் கொடிக்கு மேடை போடுகிறவர்கள், இவன் குடியுரிமைக்கு எப்போது மேடை போடுவீர்கள்?