லுமுட்டிலிருந்து புறப்பட்ட கப்பல்கள்

2021 ஜனவரி 12 அன்று மலேசியாவில் அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தை விளக்கித் தொலைக்காட்சியில் பேசிய அன்றைய பிரதமர் முஹிடின் யாசின், இது இராணுவ ஆட்சிக் கவிழ்ப்பு அல்ல என்று மெனக்கெட்டுச் சொன்னார். நாடாளுமன்றம்தான் கூடாதாம், மற்றபடி சிவில் அரசே நாட்டை நடத்தும். இருபது நாள் கழித்து, பிப்ரவரி 1இல், மியன்மாரில் அசலே நடந்துவிட்டது.

முந்தைய நவம்பர் தேர்தலில் ஆங் சான் சூ கியின் கட்சி 396 இடங்களை அள்ளியிருந்தது. புதிய நாடாளுமன்றம் கூடவிருந்த அன்று விடியற்காலையில் அவரையும் அதிபர் வின் மின்டையும் இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. வாக்காளர் பட்டியலில் மோசடி என்பது சொல்லப்பட்ட காரணம். தளபதி மின் ஆங் லைங் அந்த ஜூலையில் 65 வயதாகி ஓய்வுபெற வேண்டியவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2008ஆம் ஆண்டு அரசமைப்பில் நாடாளுமன்றத்தின் கால்வாசி இடங்களைத் தனக்கென எழுதிவைத்துக்கொண்ட இராணுவம் அது. மீதி முக்கால்வாசியில் மக்கள் போட்ட ஓட்டைக்கூட அதனால் பொறுக்க முடியவில்லை.

நம் நாடு கவலை தெரிவித்தது. அதே மாதம் 23ஆம் தேதி, லுமுட் கடற்படைத் தளத்தில் மியன்மார் கடற்படையின் மூன்று கப்பல்கள் நின்றிருந்தன. நாடுகடத்தலுக்குக் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த சில மணி நேரத்தில், தடுப்பு முகாம்களில் இருந்த 1,086 மியன்மார் நாட்டவரை ஏற்றிக்கொண்டு அவை புறப்பட்டன. அவர்களில் அகதிகள் யாருமில்லை என்றது குடிநுழைவுத் துறை. இருக்கலாம். ஆனால் அதைச் சரிபார்க்க வேண்டிய ஐநா அகதிகள் ஆணையத்தை 2019 ஆகஸ்டிலிருந்தே தடுப்பு முகாம்களுக்குள் விடவில்லையே. பிறகு யார் பார்த்துச் சொன்னது?

அண்டை நாட்டு உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை என்பது ஆசியான் கொள்கை. ஆட்சியைப் பிடித்த இராணுவம் அனுப்பிய கப்பலில், அதே இராணுவத்தின் கையில் ஆட்களை ஒப்படைப்பது தலையீடு இல்லையா? ஒரு பக்கம் சாய்ந்த தலையீடு, அவ்வளவுதான். ஏப்ரலில் ஜகார்த்தாவில் மியன்மார் குறித்த ஆசியானின் ஐந்து அம்ச இணக்கம் எழுதப்பட்டபோது மின் ஆங் லைங்கும் அந்த மேசையில் இருந்தார். வன்முறையை நிறுத்துவது முதல் அம்சம். அது இன்றுவரை தாளில்தான் இருக்கிறது.

செலாயாங் மொத்தச் சந்தையில் மூட்டை தூக்குபவர், புடுவில் ஒரே அறையில் நெருக்கியடித்துக் குடியிருக்கும் சின் இனக் குடும்பம், கிள்ளானில் குப்பை பொறுக்கும் ரோஹிங்யா பையன் எல்லோரையும் நம் சாப்பாட்டுக் கடைப் பேச்சில் ‘பர்மாக்காரன்’ என்று ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். தமிழர் வாயில் அந்தச் சொல் இவ்வளவு இளப்பமாக வரக் கூடாது. 1960 தேர்தலில் வென்ற ஊ நுவை 1962 மார்ச் 2இல் ஜெனரல் நே வின் கவிழ்த்தபோது, அதன் விலையைக் கொடுத்தவர்களில் நம்மவர்களும் உண்டு. 1964இல் கடைகள் தேசியமயமாயின. 50, 100 சாட் நோட்டுகள் செல்லாமல் போயின. ரங்கூனில் தலைமுறைகளாகத் தொழில் செய்தவர்கள் வெறுங்கையோடு சென்னைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் கப்பலேறினார்கள். சென்னையின் பர்மா பஜார் அவர்கள் பிழைக்கப் போட்ட கடைகள். அவர்களுக்கு இறங்க ஒரு துறைமுகமாவது இருந்தது.

2025இல் ஆசியான் தலைமை நம்மிடம் இருந்தது. ஏப்ரலில் பிரதமர் அன்வார் பாங்காக்கில் மின் ஆங் லைங்கை நேரில் சந்தித்தார். எதிர்த்தரப்பான தேசிய ஒற்றுமை அரசாங்கத்தோடும் இணையவழி பேசினார். இரு தரப்போடும் பேசியதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சூ கியின் கட்சியை 2023இல் கலைத்துவிட்டு, 2025 டிசம்பர் 28இல் இராணுவம் தொடங்கிய தேர்தலைத் தேர்தல் என்று ஏற்பதற்கு இந்தப் பேச்சு படிக்கட்டாகிவிடக் கூடாது.

மியன்மார் தலைநகர் நேப்பிடோவில் நம் சொல் எடுபடாமல் போகலாம். புக்கிட் ஜாலில் தடுப்பு முகாமின் சாவி நம்மிடம்தான் இருக்கிறது. ஐநா அகதிகள் ஆணையத்தை உள்ளே விட்டு, இராணுவத்துக்கு அஞ்சி ஓடிவந்தவர் யார், விசா முடிந்தும் தங்கியவர் யார் என்று பிரித்துப் பார்க்க, உள்துறை அமைச்சின் ஓர் உத்தரவு போதும்.