வகுப்பில் ஒருவர் சொன்னால் எல்லாரும் கேட்பது ஏன்?

உங்கள் வகுப்பிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார்.

அவர் சட்டாம்பிள்ளையாக இருக்க வேண்டியதில்லை. முதல் மதிப்பெண் வாங்குபவராகவும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் சிரித்தால் மற்றவர்களும் சிரிப்பார்கள். அவர் புதுப் பை மாட்டிக்கொண்டு வந்தால், அடுத்த மாதம் பாதி வகுப்பு அதே பையோடு வரும். "அவன்கூட சேராதீங்க" என்று அவர் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை இடைவேளையில் தனியாகத்தான் சாப்பிட வேண்டும்.

இந்தச் செல்வாக்கு எங்கிருந்து வருகிறது?

2026 ஜனவரியிலிருந்து சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசியும் திறன்கடிகாரமும் பயன்படுத்த அனுமதி இல்லை. இடைவேளை, இணைப்பாட நடவடிக்கை நேரமும் அதில் அடங்கும். பிள்ளைகள் மறுபடியும் முகம் பார்த்துப் பேசுவார்கள் என்பது எதிர்பார்ப்பு.

நல்லதுதான். ஆனால் திறன்பேசி பைக்குள் போனதும் "யார் பெரிய ஆள்" என்ற கணக்கு மறைந்துவிடாது. அந்தக் கணக்கு திறன்பேசிக்கு முன்பே இருந்தது.

பிடித்த பிள்ளையா, பெரிய ஆளா?

ஆய்வாளர்கள் இரண்டையும் பிரித்துப் பார்க்கிறார்கள்.

"உனக்கு யாரைப் பிடிக்கும்?" என்று பிள்ளைகளிடம் கேட்டால் ஒரு பட்டியல் கிடைக்கும். "வகுப்பில் யார் பிரபலம்?" என்று கேட்டால் வேறு பட்டியல் கிடைக்கும். சில பெயர்கள் இரண்டிலும் இருக்கும். பல பெயர்கள் இருக்காது.

முதல் பட்டியலில் வருபவர்கள் பகிர்ந்துகொள்பவர்கள், விட்டுக்கொடுப்பவர்கள், நகைச்சுவையாகப் பேசுபவர்கள். இரண்டாவது பட்டியலில் வருபவர்களைக் கண்டு மற்றவர்கள் கொஞ்சம் பயப்படவும் செய்வார்கள்.

சிறு வயதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பதின்ம வயதில்தான் பிரிகிறது. 10 வயதிலிருந்து 14 வயது வரை அமெரிக்க மாணவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2004இல் வெளிவந்தது. வதந்தி பரப்புவது, கூட்டத்திலிருந்து ஒருவரை ஒதுக்குவது போன்றவற்றைச் செய்பவர்கள் வயது ஏற ஏறப் பிரபலமாகத் தெரிந்தார்கள். ஆனால் அவர்களைப் பிடித்தவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். குறிப்பாக, பெண் பிள்ளைகளிடையே.

பிடிக்காத ஒருவர் பின்னால் ஏன் போக வேண்டும்? அடுத்து ஒதுக்கப்படுவது நாமாகிவிடக் கூடாதே என்ற பயம் ஒரு காரணம்.

அந்த இடம் எப்படிக் கிடைக்கிறது?

பொருளால் கிடைக்கிறது என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் இங்கே நாட்டுக் கொடி போட்ட அழிப்பான்கள் அதிகம் வைத்திருந்தவர் பெரிய ஆள். பிறகு போக்கிமான் அட்டைகள். அண்மையில் பையில் தொங்கிய லபுபு. பொருள் மாறிக்கொண்டே இருக்கிறது. அதைக் கொண்டுவந்தது யார் என்பதுதான் மதிப்பைத் தருகிறது. ஓரத்தில் இருக்கும் பிள்ளை அதே பொம்மையோடு வந்தால் "காப்பி அடிக்குது" என்பார்கள்.

நடந்துகொள்ளும் விதமும் முக்கியம். புதுக் குழுவில் பிள்ளைகள் எப்படிச் சேருகிறார்கள் என்பதை 1981இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் கவனித்தார்கள். நண்பர்கள் குறைவாக உள்ள பிள்ளைகள் தங்களைப் பற்றியே பேசினார்கள், நடுவில் கேள்வி கேட்டார்கள், விளையாட்டைத் தங்கள் பக்கம் திருப்பப் பார்த்தார்கள். எல்லாருக்கும் பிடித்த பிள்ளைகளோ, நடக்கும் விளையாட்டோடு ஒட்டி நுழைந்தார்கள்.

இது கற்றுக்கொள்ளக்கூடிய திறன்.

அந்தச் செல்வாக்கு நீடிக்குமா?

வெர்ஜினியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 184 பேரை 13 வயதிலிருந்து 23 வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2014இல் வெளியானது. 13 வயதிலேயே பெரியவர்களைப் போல நடந்துகொண்டு, சின்னச் சின்னத் தப்புகள் செய்து "கெத்து" காட்டியவர்களுக்கு முதலில் மவுசு இருந்தது. இருபதுகளில் அது போய்விட்டது. நட்பிலும் உறவிலும் சிக்கல், மது, போதைப்பொருள் பிரச்சினை என்று அவர்களே அதிகம் சிரமப்பட்டார்கள்.

56 பள்ளிகள் சொல்லும் பாடம்

இந்தச் செல்வாக்கை நல்லதற்குப் பயன்படுத்த முடியுமா?

2012-13 கல்வியாண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 56 பள்ளிகள் ஒரு சோதனையில் பங்கெடுத்தன. மாணவர் எண்ணிக்கை 24,000ஐத் தாண்டும். "அண்மையில் யாரோடு நேரம் செலவிட்டாய்?" என்று மாணவர்களிடமே கேட்டு, அதிகம் குறிப்பிடப்பட்டவர்கள் யார் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

பிறகு பாதிப் பள்ளிகளில் சிறு மாணவர் குழுக்களைக் குலுக்கல் முறையில் அமைத்தார்கள். பகடிவதைக்கு எதிராக என்ன செய்வது என்பதை அந்த மாணவர்களே முடிவு செய்தார்கள். சுவரொட்டி ஒட்டினார்கள், நல்லது செய்தவர்களுக்குக் கைப்பட்டை கொடுத்தார்கள். அந்தப் பள்ளிகளில் சச்சரவு தொடர்பான ஒழுங்கு நடவடிக்கைகள் சுமார் 30 விழுக்காடு குறைந்தன. செல்வாக்குள்ள மாணவர்கள் அதிகம் இடம்பெற்ற குழுக்களில் பலன் இன்னும் கூடுதல்.

நம் பள்ளிகளிலும் சக மாணவர் ஆதரவுக் கட்டமைப்பு இருக்கிறது. ஆனால் அதில் யார் இருக்கிறார்கள்? ஆசிரியர் கண்ணுக்குத் தெரியும் நல்ல பிள்ளைகள் மட்டும்தானா? வகுப்பு யாரைப் பார்த்து நடக்கிறது என்பது வகுப்புக்குத்தான் தெரியும். அவர்களிடம் கேட்காமல் அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

உங்களுக்கு இதில் என்ன வேலை?

நீங்கள் இன்னும் மாணவர் என்றால், செல்வாக்கு என்பது மற்றவர்கள் கொடுப்பது என்பதை மறக்காதீர்கள். ஒரு கிண்டலுக்கு நீங்கள் சிரிக்காமல் இருந்தாலே அதன் வேகம் குறையும். தனியாகச் சாப்பிடும் ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், அதை வகுப்பே கவனிக்கும்.

வீட்டில் தம்பி, தங்கை இருந்தால், "ஸ்கூல் எப்படி இருந்துச்சு?" என்ற கேள்விக்கு "ஓகே" என்பதுதான் பதிலாக வரும். அதற்குப் பதிலாக "இன்னைக்கு யார்கூட சாப்பிட்டே?" என்று கேட்டுப் பாருங்கள். தொடர்ந்து சில நாள் "யாரும் இல்ல" என்று பதில் வந்தால், வகுப்பாசிரியரிடம் பேச வேண்டிய நேரம் அது.